ஐப்பசி மழையில் செட்டிநாட்டு வீடு: திறப்பது, பலகாரம் சுடுவது, விளக்கேற்றுவது

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பார்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அங்கிருந்து மார்கழி வரை காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்து வீடுகளில் தீபாவளி, திருக்கார்த்திகை, பிள்ளையார் நோன்பு என்று விசேஷங்கள் வரிசை கட்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து நாலு நாள் கூடியிருப்பதும் இந்தச் சமயத்தில்தான்.

இந்தப் பருவத்தில் எல்லா வேலையையும் ஆட்டி வைப்பது ஈரம். அதிரச மாவுக்கு ஈரம் வேண்டும், தேன்குழலுக்கு அது ஆகாது. அகலுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், திரியில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. எதற்கு வெயில் வேண்டும், எதற்கு ஈரம் வேண்டும் என்று வேலைகளை முதலிலேயே பிரித்துவிட்டால் பாதிச் சிக்கல் வராது.

நாள்கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கும் திருக்கார்த்திகைக்கும் உள்ள இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2023-ல் நவம்பர் 12 தீபாவளி, 26 கார்த்திகை, இரண்டே வாரம். 2024-ல் அக்டோபர் 31, டிசம்பர் 13, ஆறு வாரம். இடைவெளி குறைந்த ஆண்டில் தீபாவளிப் பலகாரமே கார்த்திகை வரை தாங்கும். ஆறு வாரம் இருந்தால் தாங்காது, இரண்டு முறை எண்ணெய்ச் சட்டி வைக்க வேண்டியதுதான்.

வெயில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் ஒதுக்கி வளவு எனும் உள்கட்டு முற்றத்தின் சலதாரையைப் பாருங்கள். நாலு பக்க ஓட்டிலிருந்தும் விழும் தண்ணீர் முழுக்க அந்த ஒரு துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஐந்தாறு குடம் தண்ணீரை மடமடவென்று ஊற்றிப் பாருங்கள். நின்று நின்று இறங்கினால் உள்ளே சருகோ எலி வளையோ இருக்கிறது. மூங்கில் கழியால் இரண்டு முனையிலிருந்தும் குத்தி எடுக்கலாம். ஆசிட் ஊற்ற வேண்டாம். பழைய சுண்ணாம்புக் கட்டுமானத்தை அது அரித்துவிடும். அதே நாளில் ஓட்டாளை வரவழைத்து உடைந்த நாட்டு ஓடுகளை மாற்றச் சொல்லுங்கள். தாழ்வாரத் தகரத்தில் தேங்கிய புறா எச்சத்தையும் வாரிவிட வேண்டும்.

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த அறையில் கைவைக்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். மழை தொடங்கினால் தேளும் பூரானும் காய்ந்த இடம் தேடி உள்ளே வரும். விறகுக் குவியல், சாக்கு, நிலைப்படி இடுக்கு மூன்றும் முக்கியம்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரைக்குப் பச்சைத் தண்ணீரும் பருத்தித் துணியும் போதும். பினாயிலோ ஆசிடோ பட்டால் நிறம் மங்கும், பிறகு மீளாது. மினுமினுப்புக்குத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கும் வழக்கம் நல்லதுதான். ஆனால் அதை மழைக்கு ஒரு வாரம் முன்னதாகவே செய்து, உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். எண்ணெய்ப் பூச்சு மேலாக நிற்கும் தரையில் ஈரக்காலோடு வருகிறவர்கள் சறுக்கி விழுவார்கள், அதிலும் வயதானவர்கள்.

மழைத்தண்ணீர் பிடிக்கிற வீடுகளில் முதல் இரண்டு மழையை விட்டுவிடுங்கள். அது ஓட்டைக் கழுவும் தண்ணீர். மூன்றாவது மழையிலும் முதல் கால் மணி நேரம் போக, பிறகு அண்டாவை வையுங்கள். நாலாக மடித்த வேட்டித்துணியால் வாய் கட்டி வடிகட்டினால் பருப்பு வேகவைக்க அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. உப்புத் தண்ணீரில் முக்கால் மணி நேரம் அடம்பிடிக்கும் பருப்பு இதில் சீக்கிரம் மலரும். குடிப்பதாக இருந்தால் கொதிக்க வைத்துத்தான். அண்டாவை மூடியே வையுங்கள், வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் கவிழுங்கள். கொசு முட்டையிட்டுப் பறக்க ஏழெட்டு நாள் போதும்.

கொட்டான் எனும் ஓலைக்கூடைகளையும் இப்போதே வெளியே எடுங்கள். பனையோலை ஈரம் குடித்தால் கறுப்புப் புள்ளி விழும். இளவெயிலில் ஒரு மணி நேரம் காட்டி, வசம்புத் துண்டு போட்டு எடுத்து வைத்தால் மழைக்காலம் முழுக்கத் தாங்கும். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற பொருள். ஆனாலும் அதை அலமாரியில் அழகுக்கு வைப்பதைவிட, உள்ளே வாழையிலை விரித்துப் பங்காளி வீட்டுக்குப் பலகாரம் கொடுத்துவிடுவதே அதற்கு மரியாதை.

அதிரசம்: பாகும் ஈரமும்

கெட்டுப்போகிற அதிரசம் பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான் கெடுகிறது. ஒன்று மாவின் ஈரம், மற்றொன்று பாகின் பதம். சுடுவதில் தவறு நடப்பது அபூர்வம்.

1 கிலோ மாவுப் பச்சரிசிக்கு 750 கிராம் பாகு வெல்லம், 6 ஏலக்காய், அரைத் தேக்கரண்டி சுக்குத்தூள், 2 மேசைக்கரண்டி நெய். பழைய அரிசியாக வாங்குங்கள். புது அரிசி பாகில் குழைந்துவிடும். அரிசியைக் களைந்து 2 மணி நேரம் ஊறவைத்து, அரை மணி நேரம் வடியவிட்டு, வெள்ளை வேட்டியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் நாளில் அரை மணி நேரம் போதும். அடைமழையில் ஃபேனுக்கு அடியில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். கடிகாரத்தை நம்பாமல் கையை நம்புங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கித் திறந்தால் உள்ளங்கை சில்லென்று இருக்க வேண்டும், அரிசி நாலைந்து கையில் ஒட்ட வேண்டும், நீர் மினுங்கக் கூடாது.

ஈர அரிசி அரைக்கிற மில்லில் கொடுத்து வாங்கலாம், மிக்சியில் சிறிது சிறிதாக அரைத்துச் சலிக்கலாம். தீபாவளிக்கு முந்தைய வாரம் மில்லில் வரிசை நிற்கும், அரிசி காய்ந்துபோகும். பத்து நாள் முன்னதாகப் போய்விடுங்கள். அரைத்த மாவை உடனே ஈரத்துணி போட்டு மூடுங்கள். பொலபொலவென்று காய்ந்த மாவு பாகை உறிஞ்சிக்கொண்டு, சுடும்போது ஓடு மாதிரி ஆகிவிடும்.

வெல்லத்தை 1 டம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி மண் போக்கி, கனமான உருளியில் கொதிக்கவிடுங்கள். நுரை பெரிய குமிழிலிருந்து சின்னக் குமிழாக மாறத் தொடங்கியதும், கிண்ணத்துத் தண்ணீரில் அரைக் கரண்டி விட்டுப் பாருங்கள். கரைந்து ஓடினால் இன்னும் நேரம் இருக்கிறது. விரலால் கூட்டினால் கூடி, உருட்டினால் உருண்டு, எடுத்து வைத்தால் தானாக அமுங்கினால் அதுதான் பதம். வெப்பமானி இருந்தால் 115 டிகிரி. இந்தப் பதம் வந்து முழுசாக ஒரு நிமிடம் தாண்டினாலே உருண்டை அமுங்காமல் நிற்கும். அந்தப் பாகில் செய்தது கல்லாகத்தான் வரும்.

பாகை இறக்கி, ஏலம், சுக்கு போட்டு, மாவைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவிக் கிளறுங்கள். எல்லா மாவையும் போட்டே ஆக வேண்டும் என்றில்லை. இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக, கரண்டியிலிருந்து தயங்கி விழும்போதே நிறுத்துங்கள். ஆறியதும் தானாக இறுகும். சூட்டிலேயே சப்பாத்தி மாவுப் பதத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் மறுநாள் உளி தேட வேண்டியிருக்கும். மேலே நெய்யை ஊற்றி, பானையை வேட்டித்துணியால் வேடு கட்டி, ஒரு நாளாவது வையுங்கள். மூன்று நாள் வைத்தால் இன்னும் நல்லது. அந்த நேரத்தில்தான் பாகு மாவுக்குள் இறங்கும். அன்றே பிசைந்து அன்றே சுட்டால் நடுவில் மாவு வாடை அடிக்கும்.

சுடும் நாளில் முதலில் ஒன்றே ஒன்று போட்டுப் பாருங்கள். எண்ணெயில் பிரிந்து கரைந்தால் பாகு இளசு. மீதி வைத்த மாவில் இரண்டு மூன்று கரண்டி சேர்த்துப் பிசைந்து அரை மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். தட்டும்போதே ஓரம் வெடித்தால் மாவு இறுகியிருக்கிறது. வெதுவெதுப்பான பால் ஒரு கரண்டி தெளித்துப் பிசையுங்கள். எண்ணெய் தடவிய வாழையிலையில் கால் அங்குல கனத்தில் தட்டி, மிதமான சூட்டில் ஒவ்வொன்றாகப் போட்டு, இரண்டு பக்கமும் சிவந்ததும் இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து அழுத்தி எண்ணெயை வடியுங்கள். சூடு அதிகமானால் வெளியே கறுக்கும், உள்ளே வேகாது. வெல்லம் அப்படித்தான்.

ஓவனில் சுடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். எண்ணெய் இல்லாத சூட்டில் பாகு இறுகி, கடைசியில் வெல்ல பிஸ்கட்தான் மிஞ்சும்.

மனகோலமும் டப்பாவும்

மனகோலம் என்பது வெல்லப்பாகில் புரட்டிய முறுக்கு. அதற்கு வேண்டியது அதிரசத்துக்கு நேர்மாறான பாகு. 4 பங்கு பச்சரிசி மாவு, 1 பங்கு வாசம் வர வறுத்து அரைத்த பாசிப்பருப்பு மாவு, ஒரு சிட்டிகை உப்பு. தண்ணீர் விட்டுப் பிசைந்து தேன்குழல் அச்சில் பிழிந்து எடுங்கள். எண்ணெயின் சலசலப்பு அடங்கும் வரை எடுக்கக் கூடாது. அந்தச் சத்தம் மாவிலிருந்து ஈரம் வெளியேறும் சத்தம். அது இருக்கும்போதே எடுத்தால் சாயங்காலமே நமத்துவிடும். ஆறியதும் அரை அங்குலத் துண்டுகளாக உடையுங்கள்.

1 கிலோ உடைத்த முறுக்குக்கு 600 கிராம் வெல்லம். பாகை நீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’கென்று கேட்க வேண்டும். அந்த நிமிடமே அடுப்பை அணைத்து, நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, எள், ஏலம், முறுக்குத் துண்டுகள் எல்லாவற்றையும் கொட்டிப் புரட்டுங்கள். இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் ஊற்ற, ஒருவர் கிளற. தனியாகச் செய்தால் பாதி கட்டியாகும், பாதி வெறும் முறுக்காக நிற்கும்.

மழைநாளில் பலகாரத்தை ராத்திரி முழுக்கத் திறந்து ஆறவிடாதீர்கள். கைக்குச் சூடு தெரியாத நிலை வந்ததும் டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். அரை மணி நேரம் போதும். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்துச் சொட்டும், நேரம் கடத்தினால் காற்றின் ஈரத்தை வெல்லம் இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும். ஒரே பெரிய டின்னைவிட ஐந்தாறு சின்ன எவர்சில்வர் டப்பா நல்லது. பிள்ளைகள் திறந்து திறந்து மூடுவது அன்றைக்குரிய ஒரு டப்பாவோடு நிற்கும்.

நமத்துப்போன தேன்குழலையும் சீப்புச் சீடையையும் தூக்கிப் போட வேண்டாம். ஓவனை 100 டிகிரிக்குச் சூடாக்கித் தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் வைத்து, வெளியே ஆறவிட்டால் மறுபடி மொறுமொறுக்கும். வெல்லம் சேர்ந்ததற்கு இந்த வைத்தியம் பலிக்காது, உருகி ஒட்டிக்கொள்ளும்.

மழை பெய்கிற சாயங்காலத்துக்கு

வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு சொல்லும் முறையே தனி. ஒரு உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே உழக்கின் மேல் வெள்ளை உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். சரியாமல் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் உளுந்து. டம்ளரில் அளப்பவர்களுக்கு 200 கிராம் அரிசிக்கு இரண்டு மேசைக்கரண்டி. சேர்த்தே 2 மணி நேரம் ஊறவைத்து வெண்ணெயாக அரைத்து, உப்பு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு கரண்டி பால் சேர்த்து, தோசை மாவுப் பதத்துக்குக் கரையுங்கள். புளிக்க விடாமல் உடனே ஊற்ற வேண்டும். குழிந்த சின்னச் சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் நடுவில் ஒரு குழிக்கரண்டி. தானாக மேலே எழும்பும். மேலே எண்ணெயை அள்ளி விட்டுத் திருப்பி, நிறம் மாறும் முன் எடுத்துவிடுங்கள்.

எண்ணெய் குடித்தால் உளுந்து கூடிவிட்டது. தட்டையாக, விறைப்பாக வந்தால் உளுந்து குறைவு. எழும்பாமல் சட்டியோடு ஒட்டினால் எண்ணெய் காயவில்லை. சிவந்தால் சூடு அதிகம், அல்லது சர்க்கரையை அள்ளிப் போட்டிருக்கிறீர்கள். வரமிளகாய்ச் சட்னியோடு ஒவ்வொன்றாகச் சுடச்சுடப் பரிமாறுங்கள். சுட்டு அடுக்கி வைக்கிற பலகாரம் அல்ல இது. அடுப்படியில் நிற்கும் ஆச்சியையும் நடுவில் ஒருமுறை மாற்றி உட்காரச் சொல்லுங்கள்.

கவுனி எனும் கறுப்பு அரிசிக்குப் பொறுமை மட்டும் போதும். 1 டம்ளர் அரிசியை 4 டம்ளர் தண்ணீரில் ராத்திரியே ஊறப்போட்டு, அதே தண்ணீரோடு குக்கரில் 7 விசில், பிறகு குறைந்த தீயில் 10 நிமிடம். ஊறிய தண்ணீரைக் கொட்டினால் அந்தக் கருஞ்சிவப்பும் போய்விடும். நன்றாக மலர்ந்து மசிந்த பிறகே முக்கால் டம்ளர் சர்க்கரை, தேங்காய்த் துருவல், நெய். வேகும் முன் சர்க்கரை சேர்த்தால் அரிசி அதற்கு மேல் மசியாது.

ஓவன் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு நெய் பிஸ்கட். 100 கிராம் நெய்யை 100 கிராம் பொடித்த சர்க்கரையோடு வெளுக்கும் வரை குழைத்து, 150 கிராம் மைதா, 50 கிராம் கடலை மாவு, ஒரு சிட்டிகை சமையல் சோடா, ஏலத்தூள் சேர்த்துப் பிசையுங்கள். நெல்லிக்காய் அளவு உருட்டி லேசாக அமுக்கி, 160 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். மழைக் குளிரில் நெய் உறைந்திருக்கும், அது நல்லது. அவசரப்பட்டு உருக்கி ஊற்றினால் பிஸ்கட் தட்டில் பரந்து ஓடும். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் மொறுமொறுப்பு வரும். அதைப் பார்த்து இன்னும் ஐந்து நிமிடம் வைக்கிறவர்கள் அடியைக் கருக்குகிறார்கள்.

மழை விட்ட முதல் இரவு ஈசல் கிளம்பும். முகப்பு விளக்கை அணைத்துவிட்டு, வாசல் பக்கம் ஒரு வாளித் தண்ணீருக்கு மேல் ஒரே ஒரு விளக்கு வைத்தால் வீட்டுக்குள் வராது. பிள்ளைகளை ஊருணிப் பக்கம் அழைத்துப் போனால் வேலியில் செங்காந்தள் பூத்திருப்பதைக் காட்டலாம். கார்த்திகைப் பூ என்பதும் அதுதான். அழகுக்குப் பார்க்கட்டும், பறிக்கவோ வாயில் வைக்கவோ விடாதீர்கள். கிழங்கு முதல் விதை வரை விஷம்.

கார்த்திகை விளக்கு

புது அகல்களை முதல் நாள் இரவே தண்ணீரில் போட்டு, காலையில் எடுத்துக் கவிழ்த்து உலர்த்துங்கள். காய்ந்த மண்ணகல் எண்ணெயைக் குடித்துவிடும். அரை மணி நேரத்தில் விளக்கு அணைவது அதனால்தான். திரியை நல்லெண்ணெயில் அரை மணி நேரம் ஊறவைத்து, நுனியை மட்டும் பிழிந்து நிமிர்த்தி வையுங்கள். படபடவென்று பொரிந்தால் அகல் முழுக்க உலரவில்லை.

திண்ணையில் வைக்கும் அகலுக்கு அடியில் ஒரு துண்டு வாழையிலை போடுங்கள். எண்ணெய்க் கறை விழுந்தால் அரப்புத்தூளைக் குழைத்துப் பூசி, உலர்ந்தபின் துடைக்கலாம். காற்றடிக்கும் நாளில் மாடக்குழிதான் சரியான இடம். தேக்குத் தூணுக்கும் கதவுக்கும் இரண்டடி தள்ளியே எதையும் வையுங்கள்.

வாசலில் கோலப்பொடி தூறலில் கரையும். அதனால் கூரைக்குள் மாக்கோலம். 1 டம்ளர் பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து நைசாக அரைத்து, பால் பதத்தில் கரைத்து, சோற்றுக்கஞ்சி ஒரு கரண்டி சேர்த்தால் கோலம் பிடித்து நிற்கும். துணியை நனைத்து, மோதிர விரல் வழியே மெல்ல ஒழுகவிட்டு இழுக்க வேண்டும். உலர ஒரு மணி நேரமாவது ஆகும், அதுவரை அந்தப் பக்கம் யாரும் நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையார் நோன்பு

திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள், சஷ்டியும் சதயமும் கூடும் மார்கழி நாளில் நகரத்தார் வீடுகளில் வரும் நோன்பு இது. கடலோடிப் போனவர்கள் நாளை எண்ண வேட்டியிலிருந்து தினமும் ஓர் இழை உருவி வைத்தார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. அந்த வழக்கப்படி திருக்கார்த்திகை முடிந்ததும் கோடி (புது) வேட்டியிலிருந்து நாளுக்கு ஓர் இழை எடுத்து வைக்க வேண்டும். 21 இழை சேர்ந்தால் ஒரு திரி. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை திரி. விட்டுப்போன நாளைக் கடைசியில் சேர்த்து எடுப்பவர்களும் உண்டு. காலண்டரில் தினம் ஒரு குறி போட்டால் அந்தக் குழப்பமே வராது. இழைகளை ஓலைப்பெட்டியில் வைத்துக் காய்ந்த இடத்தில் வையுங்கள். நமத்த திரி பிடிக்காது.

இழை மாவுக்கு 200 கிராம் பச்சரிசி மாவு, 100 கிராம் பொடித்த வெல்லம், ஏலம். பிடித்தால் நிற்கும் அளவுக்கு நெய். நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், கூடினால் மாவு சரிந்துவிடும். சின்ன நெல்லிக்காய் அளவு பிடித்து, மேலே குழித்துத் திரியைப் பதியுங்கள். நெய் திரியின் நுனியில் மட்டும் இருக்கட்டும். பிள்ளையாருக்கு ஆவாரம்பூ சாத்தி, நெல், சோளம், கம்பு முதலான பொரிகளும் கருப்பட்டிப் பணியாரமும் படைத்த பிறகு, வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவருக்காக ஏற்றிக் கொடுப்பார். வாங்கியவர் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.

பயப்படுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: சுடர் சின்னதாக இருக்கும்போதே போட்டு, உடனே உதட்டை மூடுங்கள். காற்றில்லாமல் அணைந்துவிடும். தயங்கித் தயங்கி வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பவருக்குத்தான் உதடு சுடும். தலைமுடியைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள், நைலான் துப்பட்டா தோளில் தொங்க வேண்டாம். சிறு பிள்ளைகளுக்குச் சுடரை அணைத்து, திரியையும் உருவிவிட்டு மாவை மட்டும் ஊட்டுங்கள். ஊருக்கு வர முடியாத பிள்ளைக்கு இழையை முன்னதாகவே தபாலில் அனுப்பிவிடலாம். மாவை அங்கேயே பிடித்துக்கொள்ளட்டும். வெல்லம் கலந்த மாவு வழியிலேயே கசிந்து திரியை நனைத்துவிடும்.